ஜிஎஸ்டி-பை ஆன்டிபாடி பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

செல்லுக்குள்ள வர்ற நச்சோட குளுட்டாதயோன ஒட்ட வச்சு வெளிய அனுப்ப ரெடி பண்ற என்சைம்தான் ஜிஎஸ்டி. அதுல பை வகைய டிஷ்யூல பாக்குற ஆன்டிபாடியோட (பை இருக்கற இடத்துல போய் ஒட்டும், ஸ்டெயின் பண்ணா அந்த இடம் பிரவுனாத் தெரியும்) ரொம்ப வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன், கேளுங்க.

கேள்வி: சார், மனுஷ லிவர்ல ஹெப்பட்டோசைட் (லிவரோட முக்கிய செல்) எதுவும் ஸ்டெயின் ஆகல, பித்தநாளம் மட்டும் பிரவுன். லிவர்தானே நச்சு முறிக்கிற இடம், ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

பதில்: இல்லப்பா, சரியாத்தான் வேலை செய்யுது. பெரியவங்க ஹெப்பட்டோசைட்ல இருக்கறது பெரும்பாலும் ஆல்ஃபா வகை, பை வகை பித்தநாள செல்லுலதான். அந்தப் பிரவுன்தான் உங்க பாசிட்டிவ் கன்ட்ரோல் (ஆன்டிபாடி வேலை செய்யுதுன்னு காட்டுற சாட்சி), ஸ்லைடுலயே ஓசில கிடைச்சிருக்கு. ஆனா இத அப்படியே சுண்டெலிக்குப் பொருத்திடாதீங்க, ஆண் சுண்டெலி ஹெப்பட்டோசைட்ல பை நிறையவே இருக்கும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ்ல ஆன்டி-ஜிஎஸ்டின்னு ஒரு டியூப் கிடக்கு, அதையே போட்டுடலாமா அண்ணா?

பதில்: லேபிள நல்லா படிங்க. அது டேக் (லேப்ல செய்யற புரோட்டீனோட அடையாளத்துக்காக ஒட்ட வைக்கிற ஜிஎஸ்டி) புடிக்கிற ஆன்டிபாடியா இருந்தா சிஸ்டோசோமா ஜப்பானிக்கம்ங்கிற புழுவோட 26 கிலோடால்டன் (புரோட்டீனோட எடை அளவு) ஜிஎஸ்டிக்காக செஞ்சது, மனுஷ பை-ய புடிக்கும்னு நம்பி போடக்கூடாது. இந்தப் பேர் குழப்பத்துல நானே ஒரு வாரம் வீணடிச்சிருக்கேன்.

கேள்வி: சுண்டெலி டிஷ்யூல வெஸ்டர்ன் (புரோட்டீன்கள ஜெல்ல எடைவாரியா பிரிச்சு ஆன்டிபாடியால பாக்குற டெஸ்ட்), மவுஸ் மோனோகுளோனல்தான் (சுண்டெலி செல்லுல இருந்து செஞ்ச ஆன்டிபாடி) போட்டேன். 25 கிலோடால்டன் கிட்டயும் 50 கிட்டயும் பேண்ட். 50 டைமரா (ரெண்டு பை சேர்ந்த ஜோடி)?

பதில்: சாம்பிள கொதிக்க வச்சு எஸ்டிஎஸ் (புரோட்டீன விரிச்சு விடுற சோப்பு மாதிரி கெமிக்கல்) ஜெல்ல ஓட்டினா டைமர் பிரிஞ்சுடும், பை 23 கிலோடால்டன்ல நிக்கும். நீங்க பாக்குறது டிஷ்யூல ஏற்கனவே இருந்த ஐஜிஜியா (சுண்டெலியோட சொந்த ஆன்டிபாடி) இருக்கலாம், ஹெவி செயின் 50, லைட் செயின் 25, உங்க ஆன்டி-மவுஸ் செகண்டரி (முதல் ஆன்டிபாடியப் புடிச்சுக் காட்டுற ரெண்டாவது ஆன்டிபாடி) ரெண்டையும் புடிச்சிடும். 25ம் 23ம் பக்கத்துல பக்கத்துல இருக்கறதாலதான் ஆளுங்க ஏமாந்துடறாங்க. பிரைமரி (முதல் ஆன்டிபாடி) போடாம ஒரு வெஸ்டர்ன் பண்ணிப் பாருங்க, பேண்ட் அப்பவும் வந்தா வெளங்கிடும். அப்புறம் சுண்டெலி பை-யப் புடிக்கிற ராபிட் ஆன்டிபாடிக்கு மாறிடுங்க.

கேள்வி: ப்ராஸ்டேட் கேன்சர் செக்ஷன்ல ஸ்டெயினே இல்ல சார்.

பதில்: அந்தக் கேன்சர்ல ப்ரொமோட்டர் மெத்திலேஷன் ஆகி (ஜீனோட ஸ்விட்ச் பகுதில மெத்தில் ஒட்டிக்கிட்டு) பை-யோட ஜீன் அடங்கிப் போறது ரொம்ப சகஜம். பக்கத்துல இருக்குற நார்மல் சுரப்பியோட பேசல் செல்ல (அடி வரிசை செல்) பாருங்க, அது பிரவுனா இருந்தா உங்க ரிசல்ட் நிஜம், அதுவும் வெள்ளையா இருந்தா ஆன்டிஜென் ரிட்ரீவல்ல (ஆன்டிபாடி ஒட்டுற இடத்த திரும்ப வெளிய கொண்டு வர்ற ஸ்டெப்) இருந்து திரும்ப ஆரம்பிங்க. செல் லைன் (லேப்ல வளர்க்கிற ப்ராஸ்டேட் கேன்சர் செல்) கன்ட்ரோல் வேணும்னா பிசி-3 பாசிட்டிவ், எல்என்கேப் நெகட்டிவ்.

கேள்வி: கிட்னில எல்லாமே பிரவுன்!

பதில்: பெராக்சைட் பிளாக் (டிஷ்யூவோட சொந்த பெராக்சிடேஸ் என்சைம் பிரவுன் ஆக்காம தடுக்கறது) 3% பண்ணீங்களா? நீங்க போட்டது பயோட்டின வச்சு வேலை செய்யற ஸ்டெயின் கிட்டா இருந்தா தூக்கிப் போட்டுட்டு, பயோட்டின் இல்லாத பாலிமர் கிட் வாங்குங்க, கிட்னிலயும் லிவர்லயும் பயோட்டின் தானாவே நிறைய இருக்கு.