நாடக இயக்குநர் என்ன செய்வார்? எங்கள் சேலம் பக்கத்துக் கூத்தில் அப்படி ஒருவர் இல்லையே?

நாடகம் மேடையில் எப்படித் தெரிய வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் இயக்குநர். நடிப்பு, வெளிச்சம், இசை, உடை எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் ஜனங்களிடம் போகும்.

ஓமலூர், மேச்சேரிப் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தில் வாத்தியார் உண்டு, இயக்குநர் கிடையாது. காரணம், கதை, ஆட்ட அடவு, பாட்டு எல்லாம் தலைமுறையாகப் பழகி வந்தவை. நவீன நாடகத்துக்கு அப்படிக் கைவசம் எதுவும் இல்லை. வீட்டுச் சாம்பாருக்கு யாரும் அளவு பார்ப்பதில்லை. அதே சாம்பாரை 500 பேர் விருந்துக்கு வைத்தால், எல்லா அடுப்பையும் ருசி பார்க்க ஒருவர் வேண்டும் அல்லவா, அப்படி.

இயக்குநருக்கு உதாரணமாக ந. முத்துசாமியை (1936–2018) எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மண்ணின் புஞ்சை கிராமத்துக்காரர். முதலில் சிறுகதை எழுத்தாளர், அப்புறம் நாடக ஆசிரியர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து அவரை அசைத்துவிட்டது. நடிகனின் உடம்புதான் நாடகத்தின் மூலதனம் என்று புரிந்துகொண்டு, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பசுபதி போன்ற நடிகர்கள் அங்கே உருவானவர்கள். படித்தவர்கள் கூத்தை ஏளனமாகப் பார்த்த காலத்தில், அது உயர்ந்த கலை என்று எழுதியும் பேசியும் வாதாடினார். என் கணக்கில் அவர் நாடகங்களுக்குச் சமமான வேலை அது. 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெயரைப் பார்த்து, கூத்துப்பட்டறை ஒரு தெருக்கூத்துக் குழு என்று பலர் நினைக்கிறார்கள். கூத்திலிருந்து பயிற்சியை எடுத்துக்கொண்ட நவீன நாடகக் குழு அது.