ஆட்டுக் கொழுப்பில் பெரிலிபின் பேண்ட் ஏன் வரவில்லை?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி எழுதியிருக்கிறார். அட்டப்பாடி கருப்பு ஆட்டின் கொழுப்புத் திசுவில் பெரிலிபின்-1 என்ற புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க முயல்கிறார்; புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாக (பேண்ட்) காட்டும் முறை அது. வாங்கியது ஆட்டில் தயாரித்த பாலிக்ளோனல் (பலவகை ஆன்டிபாடிகள் கலந்த) ஆன்டிபாடி. மனிதனுக்கும் சுண்டெலிக்கும் சோதித்தது என்று தாளில் போட்டிருக்கிறது. மூன்று முறை செய்தும், அந்தப் புரதம் வரவேண்டிய 62 கிலோ டால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் ஒன்றுமே இல்லை. 50-லும் 25-லும் மட்டும் தடித்த பேண்டுகள். வாளையாறு தாண்டி வந்த பார்சல் பாலக்காட்டு வெயிலில் கெட்டுப்போயிருக்குமா, புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. ஆன்டிபாடி என்பது அவ்வளவு எளிதில் கெடும் பொருள் அல்ல. ஓரிரு நாள் ஐஸ் உருகிய பெட்டியில் கிடந்தாலும் பெரும்பாலானவை தாங்கும். திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான் அதை அதிகம் பாதிக்கும். வந்த அன்றே சிறு குழாய்களில் பிரித்து வைத்திருந்தால் அந்தக் கவலையை விடுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. ஆட்டில் தயாரித்த ஆன்டிபாடியை ஆட்டுத் திசுவில் போட்டிருக்கிறீர்கள். அதைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது ஆன்டிபாடியான செகண்டரி, ஆட்டு ஆன்டிபாடி எதுவாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். கொழுப்புத் திசுவில் தங்கிய ரத்தத்தில் அந்த ஆட்டின் சொந்த ஆன்டிபாடிகளே ஏராளம். அவற்றின் கனச் சங்கிலி 50 கிலோ டால்டன், இலேசான சங்கிலி 25. நீங்கள் பார்த்தது அவற்றைத்தான். சவ்வின் வெற்றிடங்களில் ஆன்டிபாடி ஒட்டாமல் தடுக்க (பிளாக் செய்ய) பால்பொடி போட்டிருந்தால் இன்னும் சிக்கல்; பசும்பாலில் உள்ள ஆன்டிபாடிகளையும் அந்த செகண்டரி பிடித்து சவ்வு முழுக்க மங்கலாக்கும். சந்தேகம் இருந்தால் முதல் ஆன்டிபாடி இல்லாமல் செகண்டரி மட்டும் போட்டு ஒரு சவ்வைச் செய்து பாருங்கள். அதே இரண்டு பேண்டும் வரும்.

ஆனால் 62-இல் ஏன் ஒன்றுமில்லை? என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் இடறும் இடம் இது. நானும் தொடக்கத்தில் இதில் பல வாரங்களை இழந்தேன். பெரிலிபின் செல்லின் நீர்ப்பகுதியில் மிதப்பது அல்ல, கொழுப்புத் துளியின் மேல்பரப்பைப் போர்த்தியிருப்பது. கறிக்குழம்பு ஆறினால் மேலே கொழுப்பு ஆடை கட்டுமே, அதுபோல சாதாரண பஃபரில் அரைத்து குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் ஆட்டுக் கொழுப்பு மேலே கெட்டியாக நிற்கும். நாம் அதைக் கவனமாக வழித்து எறிந்துவிட்டு நடுவில் உள்ள தெளிந்த திரவத்தை எடுத்து ஜெல்லில் ஏற்றுவோம். தேடுகிற புரதம் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

புது ஆன்டிபாடிக்குச் சில பத்தாயிரம் ரூபாய் கேட்பதற்கு முன் வழிகாட்டியிடம் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். திசுவை 5 சதவீதம் எஸ்.டி.எஸ். (புரதத்தைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) உள்ள பஃபரில், புரதச் சிதைவைத் தடுக்கும் கலவையும் சேர்த்து, அறை வெப்பத்திலேயே அரையுங்கள். ஐஸில் வைத்தால் எஸ்.டி.எஸ். வெள்ளையாகப் படிந்துவிடும். சென்ட்ரிஃபியூஜும் குளிரூட்டல் இல்லாமல் ஓடட்டும். பிறகு மேலே நிற்கும் கொழுப்பு அடுக்கைக் கலைக்காமல், குழாயின் பக்கத்தில் ஊசியால் குத்தி நடுத் திரவத்தை உறிஞ்சுங்கள். எறியாமல் வைத்த கொழுப்பு அடுக்கை 2 சதவீத எஸ்.டி.எஸ்.-இல் 60 டிகிரியில் அவ்வப்போது கலக்கிக் கரையுங்கள். இந்த இரண்டும், அடியில் படிந்ததும் ஆக மூன்றையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஏற்றினால் புரதம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். புரத அளவைப் பிராட்ஃபோர்டில் எடுக்காதீர்கள், எஸ்.டி.எஸ். அதைக் குழப்பும்; புரதத்தை அளக்கும் இன்னொரு முறையான பி.சி.ஏ. தாங்கும். கொழுப்புத் திசுவில் எடைக்கு ஏற்ற புரதம் மிகக் குறைவு என்பதால் தசைக்கு எடுப்பதைவிடத் தாராளமாக எடுங்கள்.

அதன் பிறகும் ஆட்டில் தயாரித்த இந்தக் குப்பி உங்களுக்கு உதவாது. ஆய்வகத்தில் யாராவது சுண்டெலி வேலை செய்தால் அவர்களுக்குக் கொடுங்கள், வீணாகாது. நீங்கள் முயலிலோ கினிப்பன்றியிலோ தயாரித்ததைத் தேடுங்கள். பெரிலிபினுக்குக் கினிப்பன்றி ஆன்டிபாடிகள் பரவலாகக் கிடைக்கின்றன. அப்போது செகண்டரியும் கினிப்பன்றிக்கு எதிரானதாக இருக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். புரதத்தின் எந்தத் துண்டைக் கொண்டு தயாரித்தது என்று கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். அந்தத் துண்டை யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் உள்ள ஆட்டு வரிசையோடு பொருத்திப் பாருங்கள். பெரிலிபின்-1-இன் ஏ, பி என்ற இரு வடிவங்களுக்கும் முன்பகுதி பொது. வால்பகுதிக்கு எதிரான ஆன்டிபாடி ஏ வடிவத்தை மட்டும் காட்டும். கூடவே 3டி3-எல்1 என்ற சுண்டெலிச் செல்களைக் கொழுப்புச் செல்லாக மாற்றிய மாதிரி ஒன்றும், மாற்றாத மாதிரி ஒன்றும் ஜெல்லில் இருக்கட்டும். முதலாவதில் பேண்ட் வரவேண்டும், இரண்டாவதில் வரக்கூடாது.

நல்ல பேண்ட் வந்து அது இரட்டையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். 1991-இல் அமெரிக்காவில் லோண்டோஸ் குழு இந்தப் புரதத்தை அடையாளம் கண்டதே, அட்ரினலின் போன்ற தூண்டுதலில் அது மிகுதியாகப் பாஸ்பேட் ஏற்பதைக் கவனித்துத்தான். பாஸ்பேட் ஏறினால் ஜெல்லில் 65 பக்கம் மேலே நகரும். கறிக்கடையில் எடுத்த திசுவென்றால், வெட்டுமுன் ஆடு மிரண்டிருக்கும் அல்லவா, அதையும் குறித்து வையுங்கள்.

அடுத்து நுண்ணோக்கியில் பார்க்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். செல்களை மெத்தனாலிலோ அசிட்டோனிலோ நிலைப்படுத்தாதீர்கள், கொழுப்புத் துளிகளே கரைந்துவிடும். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு போதும். ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் துளைபோட, ட்ரைட்டான் என்ற சோப்புப் பொருளுக்குப் பதில் மென்மையான சபோனின். மெழுகில் பதித்த திசுவில் கொழுப்பு சைலீனோடு போய்விடும், ஆனால் பெரிலிபின் அந்த இடத்தில் நிற்கும். நடுவில் வெற்றுக் குழி, சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால் சாயம் சரியாகவே ஏறியிருக்கிறது.