ராணுவப் புரட்சியில் சிக்கிய சாதாரண மக்களின் கதையைச் சொல்லும் நல்ல படம் எது?

வால்டர் சால்ஸ் இயக்கிய ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’ (2024) பாருங்கள். பிரேசில் படம். 2025இல் வெளிநாட்டுப் படங்களுக்கான ஆஸ்கர் வாங்கியது. நடந்த கதை.

அங்கே 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் 1985 வரை விடவில்லை. ஆனாலும் படத்தில் துப்பாக்கிச் சண்டையைத் தேடாதீர்கள். ரியோவில் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு, ஐந்து பிள்ளைகள், எப்போதும் ஆட்கள் வந்து போகிற கூடம். 1971 ஜனவரியில் சாதாரண உடுப்பில் சிலர் உள்ளே வந்து ஜன்னல் திரைகளை இழுத்து மூடுகிறார்கள். வீட்டுக்காரர் ரூபன்ஸ் பைவா, ராணுவம் பதவியைப் பறித்த முன்னாள் எம்.பி. உடை மாற்றி, டை கட்டிக்கொண்டு, தன் காரிலேயே அவர்களோடு கிளம்பிப் போகிறார். திரும்பவே இல்லை. மனைவி யூனிஸையும் பன்னிரண்டு நாள் அடைத்து வைக்கிறார்கள்.

எங்கள் ஆயாவோடு வியாசர்பாடி வீட்டில் உட்கார்ந்துதான் இதைப் பார்த்தேன். ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1962 மார்ச்சில் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது தெருவில் பெரிதாக எதுவும் தெரியவில்லையாம். இரண்டு வருஷம் கழித்து தாத்தாவின் மளிகைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்புறம் அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருஷமே கப்பலேறி மெட்ராஸ் வந்துவிட்டார்கள்.

படத்தில் யூனிஸ் பேங்குக்குப் போகும் காட்சி வரும். வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும், ஆனால் கணவர் கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்கிறார்கள். கணவரோ எங்கே இருக்கிறார் என்றே சொல்ல மாட்டார்கள். ஆயா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த நூறு கியாட் நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் நூலாகிப் போயிருந்தது. “காலைல காசு, சாயங்காலம் காயிதம்” என்றார். ராணுவ ஆட்சி ஒரு குடும்பத்துக்குள் எப்படி வரும் என்று கேட்டால் எனக்கு அந்தக் கவுன்டரும் இந்த நோட்டும்தான் ஞாபகம் வரும். இந்தப் படத்தைச் சொல்வதும் அதனால்தான்.

யூனிஸாக நடித்த ஃபெர்னாண்டா டோரஸ் எங்கேயும் கதறவில்லை. பிள்ளைகள் முன்னால் உடையக்கூடாது என்கிற பிடிவாதம் கழுத்து நரம்பில் தெரிகிறது. பத்திரிகைக்காரர் குடும்பத்தைச் சோகமாக நிற்கச் சொல்லும்போது, பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்கிறார் அந்த அம்மா. பிறகு சட்டம் படித்து வக்கீலாகிறார். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1996இல், கணவரின் இறப்புச் சான்றிதழ் கைக்கு வருகிறது. அதை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறார்.

ஆயா அப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்த ஆளு ஒடம்பு கெடச்சுதா?”

கிடைக்கவில்லை ஆயா என்றேன்.