மூன்று வாரமாக வாய் திறக்காத பாம்புக் குட்டி

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகனின் நெடுநாள் கெஞ்சலுக்கு இணங்கி, மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கார்ன் ஸ்நேக் குட்டியை வாங்கினோம். அன்று அதன் எடை 7 கிராம்; நேற்று நிறுத்தபோது 6.6 கிராம். உறைந்த எலிக்குஞ்சை இளக்கி, மூன்றாம் நாளிலும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளும் கொடுத்துப் பார்த்தோம். நாக்கை நீட்டிப் பார்ப்பதோடு சரி, தொடுவதே இல்லை. வரவேற்பறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். அடியில் சூடேற்றும் விரிப்பு உண்டு. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் சிறிது நேரம் கையில் எடுத்து வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் கிண்ணத்தில் பால் வைக்கச் சொல்கிறார். பாம்பின் வாயைத் திறந்து உணவை உள்ளே தள்ளும் காணொளி ஒன்றைப் பார்த்த என் மகன், நாமும் அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறான். செய்யலாமா?
– வாசகி ஒருவர், ஹாரோ, லண்டன்

பதில்: செய்யக் கூடாது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த 0.4 கிராம் எடைக்குறைவு அன்று. குட்டியை நாள்தோறும் கையில் எடுப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் அதன் முகத்துக்கு நேரே உணவை நீட்டுவதும்தான். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி, வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் கட்டுச்சோறுபோலச் சுமந்துகொண்டே வருகிறது. ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களில் முதல் சட்டையை உரித்த பிறகே அது இரை தேடத் தொடங்கும். அதற்குப் பிறகும் சில வாரப் பட்டினியை அது தாங்கும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கிராமின் பின்னங்களைக் காட்டும் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை 6.3 கிராமுக்குக் கீழே இறங்கினால், அதாவது வாங்கியபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூச்சில் சீழ்க்கை ஒலி, வாயோரம் நுரை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாயைத் திறந்து திணிப்பது, வேறு எதுவும் பலிக்காதபோது, பழகிய கை செய்ய வேண்டிய கடைசி வேலை. பென்சில் பருமன்கூட இல்லாத குட்டியின் தாடை எலும்புகள் எளிதில் முறியும்; மூச்சுக்குழலின் வாயோ நாக்குக்குச் சற்றுப் பின்னால், வாயின் தரையிலேயே இருக்கிறது. இவை இரண்டும் தப்பினாலும், அச்சத்தில் விழுங்கியதை அடுத்த நாளே கக்கிவிடக்கூடும். அப்படிக் கக்குவது, உண்ணாமல் இருப்பதைவிடக் குட்டியை மிகுதியாக வாட்டும்.

பாலைப் பற்றி: புற்றுக்குப் பால் வார்ப்பது நம் வழிபாட்டில் ஊறிப்போன பழக்கம் என்பதால் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாலைச் செரிக்கும் வகை பாம்பின் குடலுக்கு இல்லை. பாம்பு பால் குடித்ததாகச் சொல்லப்படுவதெல்லாம், தாகத்தில் எதிரே இருந்த நீர்மத்தைக் குடித்த கதைதான். கிண்ணத்தில் நல்ல தண்ணீர் போதும்.

இனி இருப்பிடம். மூன்றடித் தொட்டி வளர்ந்த பாம்புக்கு ஏற்றது. ஒரு சாண் நீளக் குட்டிக்கு அது ஒளிய இடமில்லாத மைதானம். செருப்புப் பெட்டி அளவுள்ள, மூடி இறுக மூடும், காற்றுத்துளைகள் இட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வையுங்கள். அடியில் காகிதத் துண்டு, ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம், உடல் எல்லாப் பக்கமும் உரசும் அளவுக்கு நெருக்கமான இரண்டு மறைவிடங்கள். ஒன்று சூடான பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். சூடான பக்கத் தரை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 24 டிகிரி இருக்க வேண்டும். விரிப்புக்குத் தெர்மோஸ்டாட் (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். சூடு குறைந்தால் செரிமானம் நின்றுவிடும், செரிக்காது என்று தெரிந்த உடம்பு இரையைத் தேடாது. சூடு மிகுந்தால் வயிறு வெந்துவிடும். இவ்வளவும் செய்தபின் ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள், தண்ணீர் மாற்றுவதைத் தவிர. பிள்ளைகளுக்கு இதுதான் கடினமான பகுதி என்பதை அறிவேன்.

எட்டாம் நாள் மாலையில் முயலுங்கள். எலிக்குஞ்சை முதல் நாள் இரவே குளிர்பெட்டியில் வைத்து இளக்கி, ஒரு பையிலிட்டு வெந்நீரில் சில நிமிடம் மூழ்கவைத்து, துடைத்து, இளஞ்சூட்டோடு மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். உறைந்த எலிகளில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் சமையல் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தாமல், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். காலையில் இரை அப்படியே கிடந்தால் எடுத்தெறிந்துவிட்டு, ஐந்து முதல் ஏழு நாள் பொறுத்து அடுத்த முயற்சியைத் தொடங்குங்கள். கண் மங்கி நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். அது முடியும்வரை உணவே வைக்க வேண்டாம்.

இதிலும் உண்ணவில்லையென்றால், சிக்கல் அச்சத்தில் இல்லை, மணத்தில் இருக்கிறது. கார்ன் ஸ்நேக்கின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. அங்கே காட்டில் பிறக்கும் குட்டிகள் முதலில் தின்பவை பெரும்பாலும் சிறு பல்லிகளும் மரத்தவளைகளும்தாம், எலி பிறகுதான். இரையின் மணத்தை அறிய அவை கற்க வேண்டியதே இல்லை. 1960களில் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் பர்காட், பிறந்தது முதல் எதையும் தின்றிராத பாம்புக் குட்டிகளின் முன், வெவ்வேறு இரைகளின் சாற்றில் தோய்த்த பஞ்சுக் குச்சிகளை நீட்டிப் பார்த்தார். தம் இனம் இயற்கையில் தின்னும் இரையின் சாறு என்றால், அவை நாக்கை வேகமாக வீசி, பாய்ந்து கடிக்கவும் செய்தன. வெறும் நீரில் தோய்த்த குச்சி அவற்றை அவ்வாறு தூண்டவில்லை. உங்கள் குட்டி நாக்கை நீட்டிவிட்டு விலகுகிறதே, அது அந்த எலிக்குஞ்சை உணவென்றே அடையாளம் காணாமல் இருக்கலாம்.

ஆகவே எலியின் மணத்தை மாற்ற வேண்டும். முதலில் மணமற்ற சோப்பினால் எலிக்குஞ்சைக் கழுவி, நன்றாக அலசிக் கொடுத்துப் பாருங்கள். பல குட்டிகளுக்கு இதுவே போதும். அடுத்ததாக, பல்லி வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து பல்லி உரித்த தோலைக் கேட்டு வாங்கி, நனைத்து, எலிக்குஞ்சின் மூக்கில் ஒட்டி வையுங்கள். வெளியில் பிடித்த பல்லி வேண்டாம், ஒட்டுண்ணிகள் வந்துசேரும். மூன்றாவது வழி படிக்கச் சற்று அருவருப்பானது: எலிக்குஞ்சின் தலையைக் கூரான ஊசியால் கீறி, மூளைக் கசிவு வெளித்தெரியச் செய்வது. அந்த மணத்துக்கு அடம்பிடிக்கும் குட்டிகளும் பல நேரம் இறங்கி வருகின்றன. எந்த வழியானாலும், காற்றுத்துளையிட்ட சிறு டப்பாவில் குட்டியையும் இரையையும் ஒன்றாக மூடி, அந்த டப்பாவைப் பெட்டியின் மிதமான பகுதியில் ஓர் இரவு வைப்பது உதவும். பல்லி மணத்தோடு மூன்று முறை உண்ட பிறகு, மணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெறும் எலிக்குப் பழக்குங்கள். உண்ட பிறகு இரண்டு முழு நாள் கையில் எடுக்கக் கூடாது.

விற்றவர் அது இதுவரை எத்தனை முறை, எதை உண்டது என்று எழுதித் தந்தாரா? குறைந்தது மூன்று முறை தானாக உண்ட குட்டியைத்தான் வாங்க வேண்டும் என்பது இத்தொழிலில் நேர்மையானவர்கள் கைக்கொள்ளும் வழக்கம்.

கேள்வி: டொராண்டோவில் என் தம்பி வளர்க்கும் பால் பைத்தான் குட்டி, உயிருள்ள எலியை மட்டுமே உண்டு பழகியதாம், இளக்கிய எலியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மேலே சொன்னது போன்ற வழிகள் அதற்கும் பொருந்துமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஓரளவே பொருந்தும். (இதன் பெயரில் உள்ள ‘பால்’, அச்சத்தில் பந்தாகச் சுருள்வதைக் குறிப்பது, மாமியார் வைக்கச் சொன்ன பாலுக்கும் இதற்கும் உறவில்லை.) மேற்கு ஆப்பிரிக்காவின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழும் இந்த மலைப்பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு, கார்ன் ஸ்நேக்குக்கு அவை இல்லை. எனவே இங்கே மணத்தோடு வெப்பமும் பேசுகிறது. மயிர் முளைத்த சிறு எலியை இளக்கி, கொடுப்பதற்குச் சற்று முன் அதன் தலையை மட்டும் ஹேர் டிரையரால் ஏறத்தாழ 40 டிகிரிக்குச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து, மறைவிடத்தின் வாயிலில் இருட்டில் மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். கடித்துச் சுற்றியதும் இடுக்கியை எடுத்துக்கொண்டு, விழுங்கி முடிக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, இருட்டான நெருக்கமான மறைவிடம், வாரம் ஒரு முயற்சி. இந்த இனத்தில் வளர்ந்தவை மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பதைப் பார்த்து, குட்டியும் அப்படித்தான் என்று உங்கள் தம்பி தேறிக்கொள்ள வேண்டாம். தராசும் குறிப்பேடும் அவருக்கும் தேவை.