போதகர் படிப்பா, கவுன்சலிங் படிப்பா?

அன்புள்ள ஐயா,

பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். ஊழியத்துக்குப் போக ஆசை. ஆனால் பிரசங்கத்தைவிட, மனம் உடைந்து வருகிறவர்களுடன் உட்கார்ந்து பேசுவதுதான் எனக்கு வருகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் போதகர்களுக்கான முதுநிலைப் பட்டமான எம்.டிவ்., இறைநம்பிக்கையோடு மன ஆலோசனை தரப் பயிற்றும் பாஸ்டரல் கவுன்சலிங் எம்.ஏ. இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். எம்.ஏ. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. எது மதிப்புள்ள படிப்பு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படித்து முடித்தபின் உங்களை வேலைசெய்ய அனுமதிக்கப்போவது யார்? போதகர் ஆவதென்றால் சபை. கட்டணம் வாங்கி ஆலோசனை தருவதென்றால் மாநில உரிம வாரியம். நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக இருக்கும் மருத்துவமனைச் சாப்ளின் என்றால் அதற்கென்று சான்றளிக்கும் அமைப்பு. மூவரும் கேட்பது வேறு வேறு. இதைத் தீர்மானிக்காமல் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை.

சீக்கிரம் முடிகிற அந்த எம்.ஏ.மேல்தான் எனக்குச் சந்தேகம். பாஸ்டரல் கவுன்சலர் என்ற பெயரில் உரிமம் தரும் மாநிலங்கள் மிகச் சில. மற்ற இடங்களில் எல்லாருக்கும் உள்ள மனநல ஆலோசகர் உரிமத்தைத்தான் நீங்களும் வாங்க வேண்டும். ஆலோசனைப் படிப்புகளை மதிப்பிடும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் உள்ள மனநல ஆலோசனைப் படிப்பென்றால் 60 கிரெடிட் (பாட அளவு), 100 மணி நேரப் பிராக்டிகம் என்ற செய்முறைப் பயிற்சி, அதற்குமேல் 600 மணி நேர இன்டர்ன்ஷிப். இதில் பாதியைச் சற்றே தாண்டும் எம்.ஏ. சபைக்குள் உதவும், வாரியத்தின் முன் நிற்காது. விளம்பரத் தாளில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தேடிப் படியுங்கள்.

எம்.டிவ். வேறு வகை. இறையியல் கல்லூரிகளை மதிப்பிடும் ஏ.டி.எஸ். அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் 72 கிரெடிட்டுக்குக் குறையாது. வேதம், மொழிகள், சபை வரலாறு, பிரசங்கம் என்று போகும். கவுன்சலிங்குக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு தாள்தான்.

ஆனால் அதோடு சி.பி.இ. என்ற மருத்துவமனைப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். மனநோய்க்காகத் தானே மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த போதகர் ஆன்டன் பாய்சன், 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து தொடங்கிய வழி இது. ஒரு யூனிட் 400 மணி நேரம். நோயாளியோடு பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். பிறகு உங்களோடு பயிற்சி பெறும் குழு அதைப் பிரித்து மேயும். அவர் அழத் தொடங்கியதும் ஏன் அவசரமாக ஜெபத்துக்குத் தாவினீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லத் திணறுவீர்கள். இந்தத் திணறலை எந்த வகுப்பறையும் தராது. கல்லூரிக் கட்டணத்தில் உருப்படியாகத் திரும்பி வருவது இதுதான் என்பேன். சாப்ளின் சான்றிதழுக்கு வழக்கமாக நான்கு யூனிட் கேட்கிறார்கள். அந்த வழி பிடித்திருந்தால் எம்.டிவ். வீண்போகாது.

உங்கள் கடிதத்தில் பிரசங்கத்தின்மேல் பெரிய ஈடுபாடு தெரியவில்லை. அப்படியானால் உரிமத்துக்கு வழிவிடும் மனநல ஆலோசனை முதுநிலைப் படிப்பை எடுங்கள். இறையியலை அப்புறம் பகுதிநேரமாகக் கூடப் படிக்கலாம். இறையியல் கல்லூரிகள் சிலவற்றிலேயே உரிமத்துக்குத் தகுதியான ஆலோசனைப் படிப்பும் உண்டு, அவற்றை முதலில் பாருங்கள்.

இல்லை, குருப்பட்ட அபிஷேகம் பெற்றுப் போதகராகத்தான் ஆவேன் என்றால், விண்ணப்பிக்குமுன் உங்கள் சபைத் தலைமையிடம் கேளுங்கள். பல சபைகள் தாங்கள் ஏற்ற கல்லூரிகளில் படித்தவர்களையே அபிஷேகம் செய்கின்றன.