காக்ஸ்டன் அச்சிட்ட தாளா? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன், அங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒற்றைத் தாளை வாங்கி வந்திருக்கிறான். சட்டத்தின் பின்னால் ‘வில்லியம் காக்ஸ்டன், 1477’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அசல்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்தவர். ஆனால் அந்தப் பென்சில் எழுத்தை முதலில் மறந்துவிடுங்கள். அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

ஆனால் ஒற்றைத் தாள் என்பதற்காகவே போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். 1905இல் சிகாகோவின் காக்ஸ்டன் கிளப் என்ற புத்தகப் பிரியர்கள் சங்கம், காக்ஸ்டன் அச்சிட்ட ‘கேன்டர்பரி டேல்ஸ்’ (சாஸர் எழுதிய கதைத் தொகுப்பு) நூலின் குறைபட்ட ஒரு பிரதியைப் பிரித்து, தான் காக்ஸ்டனைப் பற்றி வெளியிட்ட நூலின் பல பிரதிகளில் ஆளுக்கொரு அசல் தாளை வைத்தது. 2017இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் காக்ஸ்டன் அச்சிட்ட இன்னொரு தாள் அகப்பட்டது. ஒரு காலத்தில் அதை வேறொரு புத்தகத்தின் முதுகுக்குப் பலமாக ஒட்டியிருந்தார்கள். நம் ஊரில் பழைய பேப்பரை அட்டைக்குள் வைத்துத் தைப்பதில்லையா, அதே கதைதான்.

காக்ஸ்டன் பிறவி அச்சுக்காரர் அல்ல, துணி வியாபாரி. பல வருடம் இன்றைய பெல்ஜியத்தில், ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள ப்ரூஜ் நகரில் இருந்தவர். ட்ராய் கதையைப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தபோது, எழுதி எழுதிக் கை சோர்ந்தது, வெள்ளைத் தாளையே பார்த்துக் கண் மங்கியது என்று அவரே சொல்கிறார். பலரும் பிரதி கேட்டதால் அச்சுத்தொழிலைக் கற்றார். ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். 1476இல் இங்கிலாந்து திரும்பி வெஸ்ட்மின்ஸ்டரில் கடை போட்டார். அப்போது இங்கிலாந்தில் காகித ஆலை கிடையாது, தாள் கடல் கடந்துதான் வந்தது. அவருடைய எழுத்துருக்களும் ஃபிளாண்டர்ஸ் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்து வார்த்தவை.

சரி, சோதனைக்கு வருவோம். தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அந்தக் காலத்துத் தாளைக் கம்பிச் சல்லடையில் செய்தார்கள். அதனால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 3 செ.மீ. இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரியும். கோடே இல்லாமல் வழவழவென்றிருந்தால் அது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள். கோடு தெரிந்தாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் நகல் எடுத்தவர்களும் இப்படிப்பட்ட தாளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். அச்செழுத்து தாளில் அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும். கல்லச்சு (வழவழப்பான கல்லிலிருந்து அச்செடுக்கும் முறை) நகலில் மை மட்டும் தட்டையாக உட்கார்ந்திருக்கும். புகைப்பட நகல் என்றால் பூச்சி அரித்த ஓட்டைகூட வெறும் கருப்புப் புள்ளியாக அச்சாகியிருக்கும். ஓட்டை நிஜமாகவே ஓட்டைதானா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் நம்புவது சிவப்பு மையைத்தான். காக்ஸ்டனின் அச்சகத்தில் பெரும்பாலும் கருப்பு மட்டுமே அச்சாகும். பத்தி தொடங்கும் இடத்துச் சிவப்புக் குறிகளைப் பிறகு ஆள் வைத்துக் கையால் போடுவார்கள். ஆகவே ஒரு பிரதியின் சிவப்பு இன்னொன்றோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. பெரிய நூலகங்கள் காக்ஸ்டன் நூல்கள் சிலவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. அதே பக்கத்தைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். கருப்பு எழுத்துகள் பெரும்பாலும் ஒத்திருக்க வேண்டும், சிவப்பு வேறுபட வேண்டும். சிவப்பும் கோட்டுக்குக் கோடு ஒத்திருந்தால் உங்களிடம் இருப்பது அந்தப் பிரதியின் நகல்.

இதையெல்லாம் தாண்டி நின்றால், இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, 15ஆம் நூற்றாண்டு நூல்களைக் கவனிக்கும் நூலகர் ஒருவருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை வெயில் படாத இடத்தில் வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்கு மட்டும் எடுத்துப் போய்விடாதீர்கள்.