தண்ணீர் பாட்டில் மட்டுமே உங்கள் வழக்கு

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கடந்த டிசம்பர் விடுமுறையில் சர்க்கரை நோயாளியான என் தாயார், மனைவி, மகள் ஆகியோருடன் தமிழ்நாட்டில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே தலைக்கு 450 ரூபாய் பஃபே தவிர வேறு சாப்பாடு இல்லை. அதிலும் தாயார் சாப்பிடக்கூடியது எதுவும் இல்லை. அலைக்குளத்தை ஒட்டிய கடையில், 20 ரூபாய் என்று அச்சிட்ட இரண்டு தண்ணீர் பாட்டில்களுக்குத் தலா 50 ரூபாய் வாங்கினார்கள். மனம் பொறுக்காமல், கல்லாவில் இருந்தவரின் முகம் தெரிய, ‘கெட்டுப்போன சாப்பாட்டைக் கொடுத்துக் கொள்ளையடிக்கிறார்கள்’ என்று வீடியோ எடுத்து வெளியிட்டேன். இப்போது பூங்காவின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன உளைச்சலுக்காக 5 லட்சம் ரூபாய் கேட்டு நுகர்வோர் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பவற்றில் வழக்காக நிற்கக்கூடியது, அலைக்குளத்தை ஒட்டிய கடையில் வாங்கியதாகச் சொல்லும் அந்த இரண்டு தண்ணீர் பாட்டில்கள் மட்டுமே.

பஃபேயின் விலை அதிகம் என்பது குறை, குற்றம் அல்ல. உணவகம் தன் சமையலுக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நுழைவுச் சீட்டோடு உணவுக் கூப்பனையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தால், அது கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வாதிட இடமிருந்திருக்கும். உங்கள் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. வெளி உணவைத் தடுத்ததைப் பொறுத்தவரை, திரையரங்குகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு இடத்தின் உரிமையாளருக்கு அந்த அதிகாரம் உண்டு என்கிறது. இலவசக் குடிநீர் தரவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவையும் அந்த வழக்கில் பேசப்பட்டன. ஆனால் பூங்காவின் வக்கீல் முதல் பாதியைத்தான் வாசிப்பார்.

பாட்டிலுக்கு வருவோம். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத் தரப்படும் தண்ணீர் வெறும் விற்பனை அல்ல, சேவையோடு சேர்ந்தது, ஆகவே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று கூறிவிட்டது. நாற்காலியோ பரிமாறுபவரோ இல்லாத கடையில் கையில் எடுத்துக் கொடுத்தது சாதாரணச் சில்லறை விற்பனை என்பதே நம் வாதம். அப்படியானால் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின் 18-ஆம் விதி, அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுக்கிறது. நீங்கள் அனுப்பிய பஃபே ரசீதில் தண்ணீர் இல்லை என்பது உங்களுக்குச் சாதகம். கடை ரசீதோ, சட்டைப் பையில் நனைந்து எழுத்தெல்லாம் போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. மிஞ்சியிருப்பது 100 ரூபாய்க்கான ஜிபே பதிவு. அதில் பணம் பெற்றவர் பெயராகப் பூங்காவின் பெயர் இல்லை, வேறொரு ஏஜென்சியின் பெயர் இருக்கிறது. உள்ளே இருக்கும் கடைகளைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். பூங்காவை மட்டும் எதிர்மனுதாரராகக் காட்டினால் ‘நாங்கள் விற்கவில்லை’ என்ற ஒரே வரியில் தப்பித்துக்கொள்வார்கள். இருவரையும் சேர்க்க வேண்டும்.

நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்துப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். எடை, அளவு, அச்சிட்ட விலை ஆகியவற்றைக் கண்காணிக்கும் அளவியல் துறைக்கான புகாரை மட்டும் பாலக்காட்டில் கொடுத்துப் பயனில்லை. விற்பனை நடந்தது தமிழ்நாட்டில். அங்கே அந்த வேலையைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

இனி நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். உங்கள் கடிதத்தில் வீடியோவுக்கு இரண்டே வரிகள்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு நோட்டீஸ் முழுவதும் அதைப் பற்றியது. ‘50 ரூபாய் வாங்கினார்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அது உண்மை, நிரூபித்துவிடலாம். ‘கெட்டுப்போன சாப்பாடு’ என்பதை எதைக்கொண்டு நிரூபிப்பீர்கள்? மாதிரி எடுக்கவில்லை, ஆய்வுக்கு அனுப்பவில்லை, உணவுப் பாதுகாப்பு அலுவலரை அழைக்கவில்லை, வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வரவும் இல்லை. போதாக்குறைக்கு, மகள் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டு வருவது அதே வீடியோவில் பதிவாகியிருக்கிறது. கல்லாவில் இருந்த பையன் விலையை நிர்ணயித்தவன் அல்ல. அவன் தனியாக ஒரு புகார் கொடுத்தால் உங்களிடம் பதில் இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அறுபது ரூபாய்க்கான நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா மாநில எல்லையில் உள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்க் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நுகர்வோர் வழக்கில் வெல்ல வேண்டியவர்கள் அவதூறு வழக்கைச் சமாளிப்பதற்காகவே தங்கள் மனுவை வாபஸ் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

5 லட்சம் என்ற தொகையும் இதே இனம்தான். ஆணையத்தின் அதிகார வரம்பு நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்ததே அன்றி, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. பெரிய தொகை கேட்பதால் வழக்குக்கு வலு கூடுவதில்லை, 60 ரூபாய்க்கு 5 லட்சமா என்று மனுவின் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை குறைகிறது.

ஆகவே என் ஆலோசனை சமரசம். வீடியோவை இன்றே பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். மூலப்பதிவைப் போனிலிருந்து அழிக்க வேண்டாம், அந்தக் கடையும் விலைப்பலகையும் அதில் தெரிகின்றன. நோட்டீசுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் 15 நாளுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்பி, கூடுதலாக வாங்கிய 60 ரூபாயையும் ஒரு நியாயமான செலவுத் தொகையையும் கேளுங்கள். அவர்கள் நோட்டீசைத் திரும்பப் பெற வேண்டும், இரு தரப்பும் மேற்கொண்டு வழக்குத் தொடுப்பதில்லை என்று ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர்கள் தரும் மன்னிப்புக் கடிதத்தில் ‘பொய்யான தகவலைப் பரப்பினேன்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘உணவைப் பற்றிய என் சொற்களுக்கு வருந்துகிறேன்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. மறுத்தால், சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய உங்களுக்கு அவகாசம் இருக்கிறது; அந்த மனுவில் வீட்டுச் சாப்பாடும் வேண்டாம், பஃபேயும் வேண்டாம், பாட்டில் போதும்.